அபேட்சகரே, பள்ளிக்கூடம் எந்தச் சபையில் இருக்கிறது?

2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தேறியது. அதற்கு முந்திய வாரங்களில் அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு ஏறும் வீதியிலும், கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும் வீதியிலும் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டிகள் ஓயவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு லயம் திரும்பிய தாய்மாரின் முன்னே அபேட்சகர்கள் கைகூப்பி நின்றார்கள். கட்சிகள் வேறு, கொடிகள் வேறு, சின்னங்கள் வேறு. ஆனால் ஒரு வாக்குறுதியில் மட்டும் அத்தனை பேரும் அண்ணன் தம்பிகளாயினர். "உங்கள் பிள்ளைகளின் கல்வியை உயர்த்துவோம், பாடசாலைக்கு மாடிக் கட்டடம் தருவோம், ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்ப்போம்" என்பதே அது.

நன்று. பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசுவது குற்றமன்று. நமக்கிருப்பது ஒரே ஒரு வினா. கனம் அபேட்சகர் அவர்களே, தாங்கள் போட்டியிட்டது பிரதேச சபைக்கு. பள்ளிக்கூடம் அந்தச் சபையிலா இருக்கிறது?

இல்லை. பிரதேச சபையால் ஓர் ஆசிரியரை நியமிக்க முடியாது, ஓர் அதிபரை மாற்ற முடியாது, பௌதிகவியல் வகுப்பொன்றைத் தொடங்க முடியாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அச்சபைகளுக்குக் கொடுத்தது வீதியையும் வடிகானையும் சந்தையையும் நூலகத்தையும் மயானத்தையும். அவற்றையுங்கூட அன்று தோட்டத்து எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இயலாதென்று முப்பது ஆண்டுகள் கை விரித்தார்கள். நம்மிடம் வாக்கு வாங்கிய சபை, நம் லயத்து வாய்க்காலுக்கு ஒரு மூட்டை சீமெந்து தர முடியாதிருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே ஆண்டுத் தேர்தலின்போது அம்பகமுவ பிரதேச சபையும் நுவரெலியா பிரதேச சபையும் மும்மூன்றாகப் பிரிந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை தனிச்சபைகள் ஆயின. இவை போராடிப் பெற்றவை. குறைத்துப் பேச மாட்டோம். பிள்ளை பள்ளிக்கு நடக்கும் பாதையைச் செப்பனிட இன்று பிரதேச சபையால் முடியும். மாலையில் அவன் சென்று படிக்க ஒரு வாசிகசாலையைத் திறந்து வைக்க முடியும். இவற்றை வாக்களித்த அபேட்சகரை நாம் மதிக்கிறோம். ஆனால் வாசிகசாலை பேசி வாக்குக் கேட்டவர் எத்தனை பேர்? தம் கையில் உள்ளதைச் சொல்ல வெட்கப்பட்டு, தம் கையில் இல்லாததை அள்ளி வழங்கியவர்கள் எத்தனை பேர்?

தோட்டத்துப் பள்ளிக்கூடம் இருப்பது மாகாண சபையில். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கல்வியை மாகாணத்திடம் ஒப்படைத்தது. கொழும்பு அமைச்சின் நேரடி ஆட்சியில் உள்ள தேசிய பாடசாலைகள் சிலவற்றை நீக்கினால், மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகள் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகளே. அட்டன் வலயத்தில் ஆசிரியர் குறைந்தாலும் நுவரெலியா வலயத்தில் கட்டடம் ஒழுகினாலும் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் கண்டியில் உள்ள மத்திய மாகாண சபை. அந்தச் சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் ஆயுள் முடிந்தது. பிரதேச சபைகளுக்கு வாக்களிக்க 2025இல் நம்மை வரிசையில் நிறுத்தியபோதும், மாகாண சபைக்குத் தேர்தல் வைக்கப்படவில்லை. கல்வியைக் கையில் வைத்திருக்கும் சபைக்கு வாக்கில்லை. வாக்குள்ள சபைக்குக் கல்வியில் அதிகாரமில்லை!

இது மழையால் வந்த மண்சரிவு அன்று. மனிதர் கூடிச் செய்தது. 2017 செப்டெம்பரில், பெண்களுக்கு மாகாண சபைகளில் இடம் ஒதுக்கவென ஒரு மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. குழுநிலையில் அது உருமாறியது. தேர்தல் முறையையே புரட்டிப்போடும் சட்டமாக அன்றிரவு வெளியே வந்தது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும் என்றார்கள், எல்லை வகுக்கக் குழு வைத்தார்கள், அறிக்கையும் வந்தது. 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி அந்த அறிக்கை வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒரு வாக்குமில்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். தான் பரிமாறிய சோற்றைத் தானே கொட்டிக் கவிழ்த்த விருந்தை அன்றுதான் நாடு கண்டது. பின்னர் பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு அமைந்தது, இரண்டு மாதங்களில் அது முடிவு சொல்ல வேண்டியிருந்தது, சொல்லவில்லை. பழைய முறையிலேனும் தேர்தலை நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். சட்டத்தைத் திருத்தாமல் இயலாதென்று பதில் வந்தது.

அந்த அறிக்கையை நிராகரித்தது தவறென்று நாம் சொல்லவில்லை. சிதறி வாழும் மக்களின் பிரதிநிதித்துவத்தைத் தொகுதி எல்லை என்னும் கத்தரிக்கோல் எப்படி நறுக்கும் என்பதை மலையகம் போல் அறிந்தவர் யார்? ஆனால் நிராகரித்த கைகள் பழைய சட்டத்தை மீட்கவும் உயர்ந்திருக்க வேண்டாமா? அன்றைய சபையில் நம் பெயரால் இருந்தவர்களில் ஒருவரும் அறிக்கையை ஆதரிக்கவில்லை என்பது எண்ணிக்கையே சொல்லும் செய்தி. மாகாண சபை இல்லாமற் போனால் தோட்டப் பள்ளிக்கு ஆள் இல்லாமற் போகும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்திருந்தால், அதன்பின் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின்போதும் அதை நிபந்தனையாக வைத்தார்களா?

வாக்கில்லாவிட்டால் என்ன, ஆளுநர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், பள்ளி நடக்கத்தானே செய்கிறது என்று கேட்போர் உண்டு. அவர்கள் மலையகத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். இந்த மலைகளில் வாக்கும் பள்ளிக்கூடமும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று நோயுற்றபோதெல்லாம் மற்றதும் படுத்தது.

1907இல் கிராமப் பள்ளிகள் சட்டம் வந்தது. தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தரத் துரைமார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது சட்டம். துரை என்ன செய்தார்? ஒரு கொட்டகையைக் காட்டினார். தோட்டக் கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரைக் காட்டினார். பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டால் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுக்குமா என்ற கவலை துரைக்கு. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. நிபந்தனைகளோடு ஆயினும் தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கதவைத் திறந்தது. தோட்டப் பள்ளி அக்கதவுக்கு வெளியே நின்றது. 1947இல் சட்டத்தைத் திருத்தித் தோட்டப் பள்ளிகளையும் அரசு ஏற்க வழிசெய்தார்கள். அதே 1947இல் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவர் வென்று பாராளுமன்றம் சென்றார்கள். வாக்கு பேசத் தொடங்கியபோது பள்ளிக்கும் வழி பிறந்ததைக் காண்கிறோம் அல்லவா?

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1949இன் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்காளர் இடாப்பிலிருந்து நம் பெயர்களைத் துடைத்தது. 1952இல் அந்த எழுவரின் இடத்தில் ஒருவருமில்லை. தோட்டப் பள்ளிகளை ஏற்கும் திட்டம் விரல்விட்டு எண்ணத்தக்க சில பள்ளிகளோடு நின்றது. 1960இல் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு ஏற்றது; நாடு முழுவதும் அதைப் பற்றிக் கொந்தளித்தது; ஏற்கலாம் என்பாரும் கூடாது என்பாரும் வீதியில் நின்றார்கள். தோட்டப் பள்ளியை மட்டும் இரு சாராரும் மறந்தார்கள். கேட்கத்தான் வாக்கில்லையே! தோட்டங்கள் 1975இல் தேசியமயமான பின்னர், 1977இல்தான் அரசு அப்பள்ளிகளை ஏற்கத் தொடங்கியது. அந்த 1977இல்தான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1947க்குப் பின்னர் பொதுத் தேர்தலொன்றில் மலையக மக்கள் தமக்கென ஒருவரை வாக்களித்து அனுப்பியது அதுவே முதல் முறை. இடையில் முப்பது ஆண்டுகள்! முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை பிள்ளை மடுவத்திலிருந்து நேரே கொழுந்துக் கூடைக்குப் போயிற்று. நாடற்றோர் என்ற நிலை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்தோம்.

இந்தக் கணக்கை அறிந்தவர்கள், வாக்கில்லாமலும் பள்ளி நடக்கும் என்று நம்மிடம் சொல்லத் துணிய மாட்டார்கள்.

இன்னொரு எதிர்வாதம் வலிமையானது. அதை மறைக்க நமக்கு மனமில்லை. "2018 வரை மாகாண சபை இருந்ததே, மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்கென அமைச்சரும் இருந்தாரே, என்ன கிழித்தார்கள்?" என்று கேட்கிறார்கள். உண்மைதான். இடமாற்றக் கடிதத்துக்குத் தொழிற்சங்கக் காரியாலயத்தின் படி ஏற வேண்டியிருந்த காலம் அது. நியமனத்தை உரிமையாகக் கொடுக்காமல் பிரசாதமாகக் கொடுத்த காலம். தோட்டப் பள்ளிகளுக்கென 2014, 2015 அளவில் ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது, அந்த இளைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள். பின்னர் 10,000 ஆக்கினார்கள். உயர்தரம் தேறி, சேலையும் சப்பாத்தும் அணிந்து, பஸ்ஸுக்கும் காசு கொடுத்து வகுப்பில் நிற்பவருக்கு அந்தத் தொகை! அதையும் பூச்செண்டு கொடுத்து மேடையில் நிறுத்திப் படம் பிடித்துத்தான் கொடுத்தார்கள். நாம் மறக்கவில்லை. ஆனால் அன்று, அப்படிச் செய்தவரை ஐந்து ஆண்டுகளில் ஒரு முறை வீட்டுக்கு அனுப்பும் சீட்டு ஒன்று நம் கையில் இருந்தது. தவறு செய்த காவற்காரனை மாற்று என்று கேட்டோம். வாசலையே சுவர் வைத்து அடைத்துவிட்டு, இனிக் காவற்காரனால் தொல்லையில்லை என்கிறார்கள்.

இனி மாடிக் கட்டடத்துக்கு வருவோம். மலையகத் தேர்தல் மேடைகளில் கல்வி என்றால் கட்டடம். ஏன்? கட்டடத்துக்கு அடிக்கல் உண்டு, அடிக்கல்லில் பெயர் உண்டு, திறப்பு விழா உண்டு, ஒப்பந்தம் உண்டு. கணித ஆசிரியருக்கு நாடா வெட்ட முடியாது. ஆகவே கட்டடம் வருகிறது. கணித ஆசிரியர் வருவதில்லை. ஒழுகும் கூரையின் கீழ்ப் பிள்ளைகள் இருக்கட்டும் என்று நாம் கூறவில்லை. கொட்டகைப் பள்ளியிலேயே காலம் கழித்த பெற்றோருக்கு நல்ல கட்டடத்தின் அருமை தெரியும். ஆனால் எண்ணூறுக்கும் மேற்பட்ட தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் வகைப் பாடசாலைகள். மூன்றாம் வகை ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடும். இரண்டாம் வகை 11ஆம் தரத்தோடு நின்றுவிடும். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் 1ஏபி வகைப் பாடசாலை எத்தனை தோட்டங்களுக்கு ஒன்று என்று கணக்கெடுத்துப் பாருங்கள். அபேட்சகரின் குரல் தாழ்ந்துவிடும்.

ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு டிவிசனில் இருக்கிறாள். சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகவே தேறிவிட்டாள். அவள் பள்ளியில் உயர்தரமில்லை. பக்கத்துப் பள்ளியில் கலைப்பிரிவு மட்டுமே. விஞ்ஞானம் வேண்டுமானால் அட்டனுக்குப் போக வேண்டும். முதல் பஸ் எத்தனை மணிக்கு? கடைசி பஸ் கிடைக்காவிட்டால் எங்கே தங்குவாள்? தங்குமிடத்துக்கு மாதம் எவ்வளவு? தாய் கொழுந்து நிறுத்து வாங்கும் நாட்கூலி அதற்குக் காணுமா? கடைசியில் கலைப்பிரிவில் சேர்கிறாள். கலைப்பிரிவு தாழ்ந்ததன்று, ஆனால் அதை அவள் தேர்ந்தெடுக்கவில்லை, பஸ் நேரசூசி தேர்ந்தெடுத்தது. இப்போது பல்கலைக்கழக அனுமதியைப் பாருங்கள். விஞ்ஞானம் முதலிய துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப. மேலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. யாருடைய பின்தங்கிய நிலையைக் காட்டி அந்த ஒதுக்கீடு வந்ததோ, அந்தப் பிள்ளை விஞ்ஞான வகுப்பின் வாசலையே காணவில்லை. பந்தியில் இடமுண்டு, பந்தல் வரை வர வழியில்லை.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. மலையகத்தில் விஞ்ஞானம் படித்தவர் குறைவு. ஆகவே மலையகத்திலிருந்து வரும் விஞ்ஞான ஆசிரியர் குறைவு. வெளிமாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள், வந்த நாளிலிருந்தே ஊருக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லோம். பனிக்குளிரில் ஆசிரியர் விடுதியுமில்லாமல் எத்தனை நாள் இருப்பார்கள்? ஆசிரியர் போனதும் வகுப்பு மூடுகிறது. வகுப்பு மூடியதும் அடுத்த தலைமுறை ஆசிரியரும் இல்லை. இந்தச் சுழலை உடைக்கவென்றுதான் ஜெர்மன் உதவியோடு கொட்டகலைக்கருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. மலையகம் பெற்ற நல்ல கட்டடங்களுள் அது ஒன்று, ஏனெனில் அது ஆசிரியரைத் தரும் கட்டடம். அங்கே விஞ்ஞானம், கணிதம் பயில மலையகத்திலிருந்து எத்தனை பேர் தகுதி பெற்று வருகிறார்கள், வெளியேறுபவர்கள் எந்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள், அங்கே எத்தனை ஆண்டு நிற்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் ஓர் உறுப்பினரை நமக்குக் காட்டுங்கள். அவர் எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் அவருக்காக நாம் எழுதுவோம்.

"தேசிய பாடசாலையாக்குவோம்" என்பது மேடையின் மற்றுமொரு பாட்டு. நாடெங்கும் ஆயிரம் தேசிய பாடசாலைகள் என்ற திட்டமும் 2021இல் பேசப்பட்டது. நகரத்தில் உள்ள ஒரு கல்லூரியின் பெயர்ப்பலகை மாறும். பெற்றோர் மகிழ்வார்கள். நல்ல அதிபர் வாய்த்தால் அந்த ஒரு கல்லூரி உயரவும் கூடும். ஆனால் அதைச் சுற்றியுள்ள நூறு தோட்டப் பள்ளிகள் என்னவாகும்? ஆறாம் தரத்திலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே போய்விட, எஞ்சிய பள்ளிகளின் வாங்குகள் காலியாகும்; பிள்ளைகள் குறைந்தார்கள் என்று ஆசிரியரையும் குறைப்பார்கள். உரிமையைச் சிறுகச் சிறுகக் கொழும்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மாகாணத்தில் எஞ்சியவற்றைக் கேட்பாரற்று விடுவதற்குக் கல்விக் கொள்கை என்று பெயரா?

பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு சிறு தேர்தல் உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபர் பதவி வழித் தலைவர். மற்றவர்களைப் பெற்றோர் கூடித் தெரிவு செய்ய வேண்டும். நகரத்தில் அந்தப் பதவிக்குப் போட்டி நடக்கிறது. தோட்டத்தில்? வேலைநாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைக்கிறார்கள். அந்நேரம் மலையில் நிற்கும் தாய் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர் போயிற்று. ஆகவே வருபவர்கள் மலைக்குப் போகாதவர்கள். தோட்டத் தலைவர், கடைக்காரர், கட்சிக்காரர். தாய் வராமலே தாய்மாரின் தீர்மானம் நிறைவேறுகிறது! கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற எந்தச் சட்டமும் திருத்த வேண்டியதில்லை, எந்த அமைச்சரும் கையொப்பமிட வேண்டியதில்லை. 2025இல் வென்ற உறுப்பினர்களே, உங்கள் வட்டாரத்தில் உள்ள பள்ளிகளின் அதிபர்களிடம் இதையாவது கேட்டீர்களா?

இன்றும் பிரதேச சபைகளில் அமர்ந்திருப்பவர்களை நாம் பகைவராகக் கருதவில்லை. பலர் லயத்தில் பிறந்தவர்கள். தோட்டப் பள்ளியில் தரையிலிருந்து படித்தவர்கள். அவர்கள் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். மாகாண சபைத் தேர்தலை நடத்து என்று கொட்டகலையிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் அக்கரப்பத்தனையிலிருந்தும் தீர்மானம் போகட்டும். சந்தாப் பிடிக்கும் தொழிற்சங்கங்கள், முன்பு கூட்டு ஒப்பந்தத்துக்குப் பேசியது போல் இதற்கும் பேசட்டும். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே நடந்து வந்து இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்த மக்கள் இவர்கள். கண்டியில் உள்ள ஆளுநர் காரியாலயம் வரை நடக்க அவர்களுக்குக் கால் வலிக்காது.

அபேட்சகர்கள் மறுபடியும் வருவார்கள். லயத்து முற்றத்தில் கதிரை போடுவோம், தேநீரும் கொடுப்போம். அது நம் வழக்கம். அவர் பேசத் தொடங்குமுன், கூட்டத்தில் மூத்த ஒரு தாய் எழுந்து, "தம்பி, எங்கள் பள்ளிக்குப் பொறுப்பான சபைக்கு என்றைக்குத் தேர்தல்? எங்கள் பள்ளியில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எத்தனை ஆசிரியர் குறைவு?" என்று கேட்கட்டும். இரண்டுக்கும் விடை தெரிந்து வந்தவர் மேற்கொண்டு பேசலாம். தெரியாதவர் மாடிக் கட்டடத்தை விட்டுவிட்டு வடிகானைப் பற்றிப் பேசட்டும். வடிகானும் நமக்கு வேண்டியதே.